ஒரு பெட்டிக் கல்

"கல் உடைக்கவா வடக்கே போகிறாய்?" என்று மாமா கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. நிலவியலின் அருமை அவருக்கு எங்கே தெரியும் என்று எண்ணினேன். எனக்கும் தெரியாது என்பதைச் சென்ற ஆண்டு ஒரு மரப்பெட்டி உணர்த்திற்று.

துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளை ஆழ வரிசைப்படி அடுக்குவது என் வேலை. கை தவறிப் பெட்டி கவிழ்ந்தது. யாரும் பார்க்கவில்லை, தோன்றியபடி அடுக்கி மூடிவிட்டேன். இரவு உறக்கம் வரவில்லை.

அந்த வாரந்தான் வகுப்பில் கிரீன்லாந்தின் காம்ப் செஞ்சுரியைப் பற்றிக் கேட்டிருந்தேன். அங்கே 1966-இல் 1,387 மீட்டர் பனிக்கட்டியைத் துளைத்து, அதனடியில் உறைந்திருந்த மண்ணையும் மூன்று மீட்டருக்குமேல் எடுத்தார்கள். அந்த மண் பல்லாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது. 2017-இல் கோபன்ஹேகன் குளிரறையில் அகப்பட்டபோது, இன்னதென்று சொன்னது புட்டிகளின்மேல் யாரோ ஒழுங்காக எழுதி வைத்த பெயர்தான். அதனுள் சுள்ளியும் இலையும் பாசியும் இருந்தன என்று 2021-இல் ஆய்வு வெளிவந்தது. பனி மூடிய நிலம் ஒரு காலத்தில் பசுமையாக இருந்திருக்கிறது!

விடிந்ததும் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. உடைந்த முனைகளைப் பொருத்திப் பார்த்துப் பகல் முழுதும் என்னோடு அடுக்கினார். இரண்டு துண்டுகள் மட்டும் எங்கும் சேரவில்லை. அவற்றின்மேல் "ஆழம் தெரியவில்லை" என்று என் கையாலேயே எழுதச் சொன்னார்.

அன்று மாமாவுக்குக் கடிதம் எழுதினேன்: "கல் உடைக்கவில்லை மாமா, அடுக்கத்தான் கற்றுக்கொள்கிறேன்."