மன்னார்புரத்தில் ஓர் ஆயுத பூஜை

மன்னார்புரத்தைப் பார்ப்பதற்கென்று யாரும் திருச்சிக்குப் போவதில்லை. மலைக்கோட்டைக்குப் போவார்கள், ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவுக்கும் போவார்கள். மன்னார்புரம் வந்ததும் மூட்டை முடிச்சுகளோடு எழுந்து பஸ்ஸின் வாசலுக்கு வருகிறவர்கள், அங்கே உறவுக்காரர்கள் இருக்கிறவர்கள்தான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. என் அக்கா குடித்தனம் நடத்துவது அங்கேதான்.

அக்கா வீட்டு மொட்டை மாடியில் நின்றால் இரண்டு உலகங்களின் சத்தம் கேட்கும். ஒரு பக்கம் பொன்மலை ரயில்வே பட்டறையும் ரயில் பாதைகளும். இன்னொரு பக்கம், புதுக்கோட்டை சாலையில் விமான நிலையம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "இது சிங்கப்பூர் விமானம், இது கொழும்பு விமானம்" என்று அக்கா சத்தத்தை வைத்தே சொல்வாள். சரியாகச் சொல்கிறாளா என்று நான் சோதித்துப் பார்த்ததில்லை. அக்காவிடம் அதெல்லாம் நடக்காது.

2024-ம் வருஷம் நவராத்திரிக்குக் கொலு பார்க்க அங்கே போயிருந்தேன். அக்காவின் பெண்ணும் லீவில் வந்திருந்தாள். அவள் வேறொரு ஊரில் ஆகாய விமானங்களைப் பழுது பார்க்கும் இடத்தில் உத்தியோகம் பார்க்கிறாள். இருபத்தாறு வயது. படித்து, பரீட்சைகள் எழுதி, எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு விமானத்தின் வயிற்றுக்குள் புகுந்து வேலை செய்கிற பெண். எங்கள் வம்சத்தில் நான் ஸ்கூட்டர் ஓட்டியதே ஒரு காலத்தில் பெரிய செய்தி!

ஆனால் வந்த நாளிலிருந்து பெண்ணின் முகம் சரியாக இல்லை. "என்னடி?" என்றால், "ஒன்றுமில்லை, சித்தி" என்பாள். அக்கா வழக்கம்போல இது கல்யாண விஷயம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. காலையில் அத்தான் என்னை ஸ்கூட்டரில் வைத்துப் பொன்மலைப் பக்கம் அழைத்துப் போனார். தெருவெல்லாம் வாழைக்கன்று, பொரி, பூசணிக்காய். அத்தான் அந்தப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஸ்கூட்டர் தானாக மெதுவாகிவிடும். நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1920-களின் கடைசியில் இங்கே கொண்டுவந்தது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின்கள் செய்து கொடுத்ததும் இந்தப் பட்டறைதான். இதெல்லாம் எனக்கு முன்பே மனப்பாடம். அன்று புதிதாக ஒன்று சொன்னார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் விமானங்களையும் இங்கே பழுது பார்த்தார்களாம்! ரயில் பெட்டிக்கு ஆணி அடித்த கைகள் இறக்கை முளைத்த வண்டிக்கும் வைத்தியம் பார்த்திருக்கின்றன.

"அப்படியானால் உங்கள் பெண் செய்வது பரம்பரைத் தொழில்தான்" என்றேன். அத்தான் சிரிக்கவில்லை. "வேலையை விட்டுவிடப் போகிறேன் என்கிறாள்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினால் சமையலறையில் ஒரு சிறு யுத்தம். சாம்பாரில் உப்பு அள்ளிக் கொட்டியதுபோல் கரித்தது. அக்கா உப்புப் போட்டிருக்கிறாள். அந்தச் சமயம் வாசலில் யாரோ தாம்பூலத்துக்கு வர, கரண்டியை மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மருமகள் தன் பங்குக்கு ஒருமுறை போட்டுவிட்டாள். "சொல்லக்கூடாதா?" என்று இவள், "கேட்கக்கூடாதா?" என்று அவள். அக்காவின் பெண் மட்டும் சாம்பாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுதான் சித்தி... இதேதான்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் பூஜை. அத்தான் தம் பழைய ஸ்பானர்கள், சுத்தியல், அளவு பார்க்கும் காலிப்பர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தார். பெண் தன் டார்ச்சு விளக்கை வைத்தாள். வைத்தவள், எல்லாவற்றையும் விரலால் தொட்டு எண்ணினாள். இரண்டு தடவை. பிறகு சட்டென்று எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டிலிருந்து டெலிவிஷனைப் போடச் சொல்லிக் குரல் வந்தது. ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோளாறு கண்டு வானத்திலேயே வட்டமிடுகிறது. உள்ளே 141 பேர். மாலை 5.40 மணி சுமாருக்குக் கிளம்பிய விமானம். விமான நிலையத்தில் ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் வரிசையாக நிற்பதைக் காட்டினார்கள். சுண்டல் அப்படியே கிண்ணத்தில் இருந்தது. தெருவில் எல்லோரும் மாடிக்கு ஏறினோம்.

"ஏன் இறங்காமல் சுற்றுகிறது?" என்று அக்கா கேட்டாள். பெண்தான் விளக்கினாள். சக்கரத்தை மடக்குவது, நீட்டுவது, பிரேக் பிடிப்பது போன்ற பல காரியங்களுக்குக் குழாய்களில் ஓடும் எண்ணெயின் அழுத்தம் வேண்டும். அந்த ஏற்பாட்டில்தான் கோளாறு. நீண்ட பிரயாணத்துக்கு நிறைய எரிபொருள் இருப்பதால் கனம் அதிகம்; அந்தக் கனத்தோடு இறங்குவது நல்லதல்ல. போயிங் 737 விமானத்தில் எரிபொருளை வானத்திலே கொட்டிவிட வழி கிடையாது. சுற்றிச் சுற்றி எரித்துத்தான் தீர்க்க வேண்டும். "பயப்படாதேம்மா, இதற்கெல்லாம் பழக்கியிருப்பார்கள்" என்று சொன்னாளே தவிர, கைப்பிடிச் சுவரை அவள் பற்றியிருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

திருச்சிக்காரர்களுக்கு இது முதல் பயம் அல்ல. 2018-ம் வருஷம், அதே அக்டோபரில், 12-ம் தேதி அதிகாலையில் துபாய்க்குப் புறப்பட்ட விமானம் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டே மேலே ஏறிப் போனது. உள்ளே 136 பேர். கடைசியில் மும்பையில் பத்திரமாக இறங்கியது. ஓடுபாதையில் விரையும்போது காப்டனின் இருக்கைச் சாய்மானம் சரிந்து, அந்தத் தடுமாற்றத்தில் எஞ்சினின் வேகம் குறைந்துபோனதை இருவருமே கவனிக்கவில்லை என்று பிற்பாடு விசாரணையில் தெரிந்தது. "அன்றைக்கு ஊரெல்லாம் 'யார் செய்த தப்பு?' என்றுதான் கேட்டது" என்றார் அத்தான். "விசாரிக்கிறவர்கள் 'ஏன் நடந்தது?' என்று கேட்பார்கள், அப்பா. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால் ஒரு ஆளுக்கு வேலை போகும். இரண்டாவதற்குக் கிடைத்தால்தான் நாற்காலி சரியாகும்" என்றாள் பெண்.

இரவு 8.15 மணி சுமாருக்கு விமானம் சாதாரணமாக இறங்கியது. மாடிக்கு மாடி கைதட்டல். அந்த விமானத்தின் துணை விமானி மைத்ரேயி ஷிதோலே என்கிற பெண்மணி என்று பிறகு தெரிந்தபோது, அக்கா தானே ஓட்டி இறக்கியதுபோலப் பூரித்துப்போனாள்!

எல்லோரும் இறங்கிப்போன பிறகு பெண் வாயைத் திறந்தாள்.

அவள் வேலை செய்யும் இடத்தில் கருவிகளுக்கு ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதில் வரைந்து, அதன் மேல் அந்தந்தக் கருவியை மாட்டியிருப்பார்கள். ஒன்று குறைந்தால் அதன் நிழல் மட்டும் பல்லை இளிக்கும். கணக்குச் சரியாகாமல் விமானத்தை அனுப்பக்கூடாது. உள்ளே மறந்து வைத்த ஒரு திருப்புளி ஏதாவது கம்பியிலோ கப்பியிலோ சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. அத்தான் காலத்தில், பித்தளை வில்லையைக் கொடுத்துத்தான் கருவி அறையில் கருவி வாங்க முடியுமாம். அதே யோசனைதான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலை நாலு மணி. வேலை முடிந்தது. பலகையில் ஒரு திருப்புளி இல்லை. அது அவள் பெயரில் எடுத்தது. ஐந்தரைக்கு விமானம் புறப்பட வேண்டும். பார்த்தவர் வேறு யாருமில்லை. போய்ச் சொல்லிவிட்டாள். மூடிய மூடிகளையெல்லாம் திறந்து தேடினார்கள். இரண்டு மணி தாமதம். பிரயாணிகள் சத்தம் போட்டார்கள். கடைசியில் திருப்புளி விமானத்திலேயே இல்லை! முந்தின ஷிப்டில் அவளோடு வேலை செய்த பெரியவர் ஒருவர் கைமாற்றாக வாங்கி, தம் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

மேலதிகாரி திட்டவில்லை. ஆனால் மற்றவர்கள் அவளுக்கு 'கணக்கு மாமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் வந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். "அடுத்த தடவை ஏதாவது காணாமல் போனால் சொல்வேனா என்று எனக்கே சந்தேகமாயிருக்கிறது, சித்தி. அதனால்தான் விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றாள்.

"யாருக்கும் தெரியாமல் நீயே தேடியிருக்கலாமே, அசடே!" என்றாள் அக்கா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவள் இரண்டு கதைகள் சொன்னாள். 1990 ஜூன் 10-ம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் முன் கண்ணாடி, பதினேழாயிரம் அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. காப்டன் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார்! பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி இறக்கினார். காப்டன் பிழைத்துவிட்டார். முந்தின நாள் இரவு அந்தக் கண்ணாடியைப் பொருத்தியவர் சோம்பேறி அல்ல. வேலை முடியவேண்டுமே என்று தாமே இறங்கிச் செய்த அதிகாரி. ஆள் குறைவு, பின்னிரவு, மங்கல் வெளிச்சத்தில் பழைய ஆணியோடு புது ஆணியைக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். 90 ஆணிகளில் 84 மயிரிழை மெலிந்தவை.

இன்னொன்று 1991 செப்டம்பர் 11, அமெரிக்காவில் டெக்ஸாஸ். ஒரு ஷிப்டுக்காரர்கள் வால் இறக்கையின் மேற்புறத்தில் 47 திருகுகளைக் கழற்றினார்கள். அடுத்த ஷிப்டுக்குச் சரியாகச் சொல்லவில்லை. வால் உயரத்தில் இருப்பதால் கீழே நிற்பவர்களுக்குத் தெரியவும் இல்லை. காலையில் விமானம் பறந்தது. 14 பேரும் மாண்டார்கள்.

"காலையில் சாம்பாரைப் பார்த்தபோது எனக்கு அந்த 47 திருகுதான் ஞாபகம் வந்தது" என்றாள்.

கனடாவில் கார்டன் டூபான்ட் என்பவர் 1993-ல் இப்படித் தவறு நேரும் காரணங்களைப் பன்னிரண்டாகத் தொகுத்தாராம். விமானப் பழுது பார்ப்பவர்கள் பல நாடுகளில் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். நம் நாட்டு லைசென்ஸ் பரீட்சையிலும் மனித இயல்பைப் பற்றியே ஒரு தாள் உண்டு. களைப்பு, அவசரம், கவனம் சிதறுவது, 'எத்தனை தடவை செய்திருக்கிறேன்' என்கிற அலட்சியம், சொல்லாமல் விடுவது... அவள் விரல் விட்டுச் சொல்லச் சொல்ல, இதில் எது நம் சமையலறையில் இல்லை என்று யோசித்தேன். என்னைத் திடுக்கிட வைத்தது ஒன்றுதான்: தப்பென்று தெரிந்தும் எதிர்த்துச் சொல்லத் துணியாமலிருப்பது. நமக்கு அதை நல்ல குணம் என்றல்லவா சொல்லிக் கொடுத்தார்கள்? அடக்கம் என்று பெயர் வைத்து!

அத்தான் வெகு நேரம் பேசாமலிருந்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பெரியவர் என்ன சொன்னார்?"

"மறுநாள் திருப்புளியைக் கொண்டுவந்து எல்லார் எதிரிலும் பலகையில் மாட்டினார். 'தப்பு என்னுடையது'ன்னு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார், அப்பா. முப்பது வருஷ சர்வீஸ் அவருக்கு."

"அவர் இருக்கிற இடத்தை விட்டா வரப்போகிறாய்?"

பெண் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கச் சொன்னாள்.

மறுநாள் விஜயதசமி. பேரனுக்கு அட்சராப்பியாசம். பையன் சிலேட்டில் 'அ' போட்டு முடித்ததும், அத்தை அதை வாங்கித் துடைத்துச் சமையலறைச் சுவரில் மாட்டினாள். மேலே 'உப்பு' என்று எழுதி, பக்கத்தில் கட்டம் போட்டாள். போட்டவர்கள் அதில் ஒரு கோடு கிழிக்கவேண்டும். "நாங்களென்ன ஆகாய விமானமா ஓட்டுகிறோம்?" என்று அக்கா முணுமுணுத்தாள். மருமகள் மாத்திரம் சிரித்துக்கொண்டே பல்பத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். சாம்பாரில் உப்பே இல்லை. மாமியார் மருமகளைப் பார்த்தாள். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். பெண் எழுந்து போய்ச் சிலேட்டைப் பார்த்தாள். கட்டம் காலியாக இருந்தது.

"சரியாகத்தானே இருக்கிறது!" என்று சொல்லிவிட்டு, உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தாள்.