குப்பைப் பெட்டியின் மேல் விலை எழுதியிருக்கும் ஊர்!

காலையில் விசில் சத்தம் கேட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடும் வேலை, கமிகட்சுவில் யாருக்கும் கிடையாது. வீடு வீடாக வந்து குப்பை வாங்கிப்போகும் வண்டி அந்த ஊரில் ஓடுவதில்லை. வீட்டுக் குப்பையை வீட்டுக்காரர்களே கழுவி, காயவைத்து, பிரித்து, காரில் ஏற்றிக்கொண்டு போய் ஊர்ப்பொது நிலையத்தில் சேர்க்க வேண்டும். எத்தனை வகையாகப் பிரிக்க வேண்டும் தெரியுமா? 40க்கும் மேற்பட்ட வகை!

பச்சை வாளி, நீல வாளி என்று இரண்டாகப் பிரிப்பதற்கே வீட்டில் தினமும் பஞ்சாயத்து நடக்கும்போது, 40க்கு மேல் என்றால் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால், 20 வருஷத்துக்கும் மேலாக ஒரு மலைக்கிராமம் இதைச் செய்துகொண்டிருக்கிறது. அதுவும் பாதிக்கு மேற்பட்டவர்கள் 65 வயதைத் தாண்டிய கிராமம்.

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் சிறியது ஷிகோகு. அதன் கிழக்குப் பக்கம் இருக்கும் டோகுஷிமா நகரத்திலிருந்து காரில் ஏறினால், ஒரு மணி நேரத்தில் கமிகட்சு. கட்சுவுரா ஆற்றை ஒட்டியே சாலை வளைந்து வளைந்து மேலேறுகிறது. இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள், நடுநடுவே படிக்கட்டு மாதிரி இறங்கும் நெல் வயல்கள். ஊரின் பரப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் காடுதான். 1950களில் 6,000 பேருக்கு மேல் வாழ்ந்த இடத்தில் இன்று மிஞ்சியிருப்பது 1,500க்கும் குறைவானவர்கள். மலைச்சரிவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகள். பள்ளி முடித்த பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, தாத்தா பாட்டிகள் ஊரைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

குப்பைக் கதைக்கு முன்னால் இலைக் கதை ஒன்று உண்டு. இந்த ஊருக்குச் சோறு போட்டது ஆரஞ்சுத் தோட்டங்கள். 1981 குளிர்காலத்தில் கடும் பனி அடித்து மரங்கள் பட்டுப்போயின. விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த யோகோயிஷி டோமோஜி, அடுத்து என்ன பயிர் செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒசாகாவில் ஓர் உணவகத்தில், தட்டை அலங்கரித்திருந்த மேப்பிள் இலையைப் பார்த்து இளம்பெண்கள் ஆசையாகக் கையில் எடுப்பதைக் கவனித்தார். 'இது நம்ம ஊரில் மலை மலையாக உதிர்ந்து கிடக்கிறதே!' 1986ல் 'இரோடோரி' என்ற இலை வியாபாரம் ஆரம்பமானது. இன்று பாட்டிகள் டேப்லெட்டில் ஆர்டர் பார்த்து, 300க்கும் மேற்பட்ட வகை இலைகளையும் பூக்களையும் பறித்து, அடுக்கி, பெரிய நகர உணவகங்களுக்கு அனுப்புகிறார்கள். காலடியில் கிடப்பதைக் காசாகப் பார்க்கும் கண் அப்போதே ஊருக்கு வந்துவிட்டது.

குப்பை விஷயத்தில் அந்தக் கண் திறக்கக் காரணம், பணத் தட்டுப்பாடு. இதைச் சுற்றுச்சூழல் காதல் என்று சொன்னால் பாதிதான் உண்மை. 1990கள் வரை ஊர்க் குப்பையைத் திறந்தவெளிக் குழியில் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். அது கூடாது என்றானதும் இரண்டு சிறிய எரியுலைகள் வாங்கினார்கள். டையாக்சின் என்ற நச்சுப் புகைக்கு எதிரான சட்டம் இறுகியது. வாங்கிய கொஞ்ச காலத்திலேயே உலைகளை மூட வேண்டிவந்தது. பெரிய உலை கட்ட இந்தச் சின்ன ஊரிடம் காசு இல்லை. குப்பையை லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பினாலும் எடைக்கு எடை பணம் கட்ட வேண்டும். ஆக, எடையைக் குறைப்பது ஒன்றே வழி. பிரித்தால் குறையும். இன்னும் பிரித்தால் இன்னும் குறையும். இப்படித்தான் வகைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 2003ல், 2020க்குள் எரிக்கவும் புதைக்கவும் எதுவும் மிஞ்சாத ஊராவோம் என்று கமிகட்சு அறிவித்தது. ஜப்பானில் இப்படி அறிவித்த முதல் ஊர் இதுதான்.

சரி, நிலையத்துக்குள் போவோம். காலை ஏழரைக்குத் திறந்தால் மதியம் இரண்டு மணி வரை. வரிசையாகப் பெட்டிகள். செய்தித்தாளுக்கு ஒன்று, வாரப் புத்தகங்களுக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று. உள்பக்கம் வெள்ளையாக இருக்கும் பால் அட்டைப்பெட்டி தனி, வெள்ளித்தாள் ஒட்டியது தனி. அலுமினிய கேன் வேறு, இரும்பு கேன் வேறு. நிறமில்லாத பாட்டில், பழுப்பு பாட்டில், மற்ற நிற பாட்டில். பிளாஸ்டிக் பாட்டில் ஓரிடம், அதன் மூடி இன்னோரிடம். சாப்பிட்டு முடித்த மரக்குச்சி, பொரித்து மீந்த எண்ணெய், உடைந்த கண்ணாடி, சிகரெட் லைட்டர்... ஒவ்வொன்றுக்கும் ஓர் இருக்கை!

ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு பலகை. இந்தப் பொருள் இங்கிருந்து எந்த ஊருக்குப் போகிறது, அங்கே என்னவாக மாறுகிறது, அதற்கு கிலோவுக்கு எத்தனை யென் வரவு அல்லது செலவு என்று எழுதியிருக்கிறது. அலுமினிய கேன், காகிதம் போன்றவை ஊருக்குக் காசு கொண்டுவருகின்றன. எரிக்கவோ புதைக்கவோ போகும் பெட்டிகள் ஊர்ப் பணத்தை விழுங்குகின்றன. பழைய பேப்பர் கடையில் தராசு முள்ளையே பார்த்து நின்று பழகிய நமக்கு, வரவுப் பக்கம் புதிதில்லை. செலவுப் பக்கத்தைத்தான் யாரும் நம்மிடம் காட்டியதில்லை. கமிகட்சுவின் உண்மையான கண்டுபிடிப்பு இந்தப் பலகைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. தூக்கிப்போடுவது இலவசம் என்ற நினைப்பு அங்கே நிற்கும்போது கலைந்துவிடுகிறது.

நிலையத்தில் ஒரு வாசனைகூட வராது. காரணம், சமையலறைக் கழிவை அங்கே வாங்குவதே இல்லை. காய்கறித் தோலும் மீந்த சோறும் அவரவர் வீட்டிலேயே உரமாக வேண்டும். தோட்டம் உள்ளவர்கள் மண்ணில் உரத்தொட்டி வைத்திருக்கிறார்கள், இல்லாதவர்கள் மின்சார உரப்பெட்டி. இவற்றை வாங்க 1990களிலேயே ஊராட்சி மானியம் கொடுத்தது. கணக்கு எளிமையானது: காய்கறிக் கழிவின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை லாரியில் ஏற்றி, எரிபொருள் ஊற்றி எரிப்பதைப்போல வீண் செலவு வேறில்லை.

கஷ்டமான பகுதி, பிளாஸ்டிக் உறைகள். எண்ணெயோ சாஸோ ஒட்டியிருந்தால் மறுசுழற்சிக்கு ஆகாது. கழுவ வேண்டும், கழுவினால் காய வேண்டும். துணிக்கொடி மாதிரி பிஸ்கட் கவரும் டோஃபு டப்பாவும் சமையலறையில் தொங்குகின்றன. கழுவக் கழுவ ஒன்று நடக்கிறது. அடுத்தமுறை கடையில் அதே பொருளைக் கையில் எடுக்கும்போது, இதை யார் கழுவுவது என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. பை நிறைய சின்னச் சின்ன பாக்கெட்டாக வாங்குவது குறைகிறது. ஊரில் 2015ல் திறந்த பீர் தயாரிப்பகத்தின் கடையில் பொருள்களை எடைபோட்டு, வேண்டிய அளவுக்கே தருகிறார்கள். நம் ஊர் மளிகைக் கடையில் தாளில் மடித்துக் கட்டிய நூறு கிராம் மல்லி நினைவுக்கு வந்தால் அது தற்செயல் இல்லை.

இதில் உழைப்பு யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. குனிந்து கழுவ முடியாத வயது, கார் ஓட்ட முடியாத கண். அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊராட்சி ஆள்கள் வந்து எடுத்துப்போகிறார்கள். இடையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் சேர்த்து ஏற்றிக்கொள்வார். நிலையத்தில் வேலை செய்பவர்கள் எந்தப் பெட்டி என்று சொல்லிக்கொடுப்பார்கள். தனியாக வாழும் பெரியவர்களுக்கு, குப்பை கொண்டுபோகும் நாள் நாலு பேரைப் பார்க்கும் நாளும்கூட.

பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே 'குரு குரு' கடை. ஜப்பானிய மொழியில் சுற்றிச் சுற்றி வருவது என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தேவைப்படாத நல்ல பொருள்களை இங்கே வைத்துவிட்டுப் போகலாம். வெளியூர்க்காரர் உட்பட யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போகலாம். பீங்கான் கிண்ணம், குழந்தைச் சட்டை, பொம்மை, குக்கர். பில் கிடையாது. எடுத்த பொருளைத் தராசில் வைத்து, எத்தனை கிராம் என்று நோட்டில் எழுதினால் போதும். குப்பைக்குழிக்குப் போகாமல் தப்பிய எடைக் கணக்கு அது. பழைய கிமோனோவையும், திருவிழாவுக்குப் பறக்கவிடும் மீன் வடிவத் துணிக்கொடியையும் வெட்டி, பையும் சட்டையும் தைக்கும் பட்டறையும் உண்டு. தைப்பவர்கள் ஊர்ப் பாட்டிகள். பழைய பட்டுப் புடவையைப் பாவாடையாக்கி, பாவாடையைத் தலையணை உறையாக்கிய நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இவர்கள் தூரத்துச் சொந்தம்.

'மொத்தைனை' என்று அங்கே ஒரு சொல் உண்டு. ஒரு பருக்கை சிந்தினாலும் 'ஐயோ, வீணாகிறதே' என்று பதறும் சொல். நோபல் பரிசு பெற்ற கென்யாவின் வங்காரி மாத்தாய், 2005ல் ஜப்பான் போனபோது இந்தச் சொல்லைக் கேட்டு, உலகம் முழுக்க எடுத்துச் சென்றார்.

2020 வந்தது. சாதித்தார்களா? ஊரின் கழிவில் சுமார் 80 சதவிகிதம் மறுசுழற்சிக்குப் போகிறது. ஜப்பானின் சராசரி 20 சதவிகிதத்தை ஒட்டியே நிற்கிறது. ஆனால், மீதி 20 சதவிகிதம் அசையவில்லை. டயப்பர், நாப்கின், ரப்பரும் துணியும் பசையும் சேர்த்து ஒட்டிய ஷூ. எவ்வளவு கழுவினாலும் இவற்றைப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாதபடிதான் அவை செய்யப்பட்டிருக்கின்றன. பாட்டி தன் பங்கைச் செய்துவிட்டார், தொழிற்சாலை செய்யவில்லை. இலக்கை எட்டவில்லை என்பதை ஊர் மறைக்கவில்லை. 2030ஐ நோக்கிப் புதிய அறிவிப்பு ஒன்றை எழுதிக்கொண்டது.

அதே 2020ல் நிலையத்துக்குப் புதுக் கட்டடம் எழுந்தது. கட்டடக் கலைஞர் ஹிரோஷி நகமுரா வடிவமைத்தது. முகப்பில் சுமார் 700 பழைய ஜன்னல்கள். ஊர்க்காரர்கள் வீடுகளிலிருந்து கொடுத்தவை. ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாத அந்த ஜன்னல்களில் இரவு விளக்கு எரியும்போது, ஆளில்லாமல் போன வீடுகளெல்லாம் ஒரே சுவரில் வந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். மேலிருந்து பார்த்தால் கட்டடம் ஒரு கேள்விக்குறி வடிவம்.

கேள்விக்குறியின் அடிப்புள்ளிதான் தங்கும் விடுதி, பெயர் 'ஹோட்டல் ஒய்'. 'ஏன்' என்று அர்த்தம். நான்கே அறைகள். பல் துலக்கும் பிரஷும் இரவு உடையும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். வரவேற்பு மேசையில் ஒரு சோப்புக் கட்டியும் கத்தியும் இருக்கும். எத்தனை நாள் தங்கல், எவ்வளவு தேவைப்படும் என்று யோசித்து, அந்த அளவுக்கு மட்டும் வெட்டிக்கொள்ளலாம். காபிக் கொட்டையும் அப்படியே, எத்தனை கோப்பை குடிப்பீர்களோ அத்தனைக்கு அளந்து தருவார்கள்.

கிளம்பும் காலையில், அறையில் சேர்ந்த குப்பையை எடுத்துக்கொண்டு விருந்தினர்கள் பெட்டிகளின் வரிசைக்கு வருகிறார்கள். பயணத்தில் தின்ற சிப்ஸ் கவர், ரயில் நிலையத்தில் வாங்கிய தண்ணீர் பாட்டில். லேபிளைக் கிழித்து ஓரிடம், மூடியைத் திருகி ஓரிடம், பாட்டிலை நசுக்கி ஓரிடம். சிப்ஸ் கவரில் எண்ணெய் இருக்கிறது. கழுவிக்கொண்டு வர, குழாய் பக்கம் திரும்பிப் போகிறார்கள்.