அறுப்பவன், அறுப்பது

இங்கிலீஷில் 'மோயர்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். புல்லறுக்கும் ஆள் ஒன்று, புல்லறுக்கும் மெஷின் மற்றொன்று. வாக்கியத்தைப் பார்த்துத்தான் உயிர் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். தமிழ் இந்த விஷயத்தில் கறாரானது என்று நமக்கு ஒரு பெருமை. அறுப்பவன் உயர்திணை, அறுப்பது அஃறிணை. வினைமுற்று வரை இந்தப் பிரிவினை தொடர்கிறது. ஆனால் மண்வெட்டி கருவி, விறகுவெட்டி ஆள். கூலி உழைப்பு என்று வரும்போது நம் இலக்கணமும் சற்றுக் கண்ணயர்ந்துவிடுகிறது.

சொல்லாராய்ச்சி செய்ய இதை எழுதவில்லை. என்னிடம் பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் மெஷின் ஒன்று இருக்கிறது. குன்னூரில், பாங்க் கடனில் கட்டிய வீட்டைச் சுற்றி நாலு சென்ட் புல். பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு இதுவும் விலைக்கு வந்தது. கவிதை விமர்சனம் எழுதுகிறவனுக்கு லான் எதற்கு என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பில் நியாயம் உண்டு. புல்தரை என்பதே இந்த மலைக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஒரு மனோபாவம். என் வீட்டில் வளரும் கிக்குயு புல்லும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். இரண்டு பருவமழையையும் குடித்து, தரைக்கு மேலும் கீழும் கொடியோட்டிக்கொண்டு போகும் அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரம் காய்ந்த பிறகு மெஷினை வெளியே தள்ளுகிறேன். ஈரப்புல் அடித்தட்டில் அப்பிக்கொண்டு பிளேடைத் திணற அடிக்கும். கைப்பிடியோடு சேர்த்து ஒரு கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். கம்பியை விட்டால் எஞ்சின் நின்றுவிடும். பிடித்திருப்பவன் தடுக்கி விழுந்தாலும் செத்தே விழுந்தாலும் பிளேடு சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. மின்சார ரயில்களிலும் இதன் உறவு உண்டு. இங்கிலீஷில் அதற்குச் செத்தவன் கைப்பிடி என்று பெயர்.

இங்கிலீஷ் இலக்கியம் படித்தவனுக்கு இந்த வேலையின் நடுவே இரண்டு கவிஞர்கள் ஞாபகம் வருவது தவிர்க்க முடியாதது. இருவரும் ஹல் நகரத்தோடு சம்பந்தப்பட்டவர்கள். ஆண்ட்ரூ மார்வெல் 1659 முதல் 1678இல் சாகும் வரை அந்த ஊரின் பார்லிமெண்ட் உறுப்பினர். அவருடைய மோயர் கவிதைகள் நான்கும் 1681இல், அவர் இறந்த பிறகு, அச்சாயின. அவற்றில் வரும் மோயர், டேமன் என்கிற ஆள். காதலில் வெந்து, நீண்ட பிடி போட்ட அரிவாளை வீசும்போது தன் கணுக்காலையே வெட்டிக்கொள்கிறான். பிலிப் லார்கின் 1955 முதல் 1985 வரை ஹல் பல்கலைக்கழக நூலகர். 1979இல், தன் வீட்டுப் புல்லைத் தானே வெட்டும்போது மெஷினில் ஒரு முள்ளெலியைக் கொன்றார். 'மோயர்' என்ற தலைப்பிலேயே சிறு கவிதை எழுதினார். முதல் அடியில் அந்தச் சொல் மெஷினைக் குறிக்கிறது. தலைப்பில் குறிப்பது மெஷினையா, அதன் பின்னால் நின்ற மனிதரையா என்று சொல்ல முடியாது. அந்தக் கவிதையின் குற்றவுணர்வு முழுவதும் தங்கியிருப்பது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இருவருக்கும் இடையே எட்வின் படிங் வருகிறார். கம்பளித் துணியின் மேல்மயிரைச் சமமாகக் கத்தரிக்கும் ஆலை மெஷினைப் பார்த்து, 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌடில் முதல் புல்வெட்டும் மெஷினுக்குப் பேடண்ட் வாங்கியவர். கிராமத்துக் கனவான்களுக்கு இதைத் தள்ளுவது உல்லாசமான, பிரயோஜனமான தேகப்பயிற்சியாக இருக்கும் என்று அந்தப் பேடண்டிலேயே எழுதியிருக்கிறது. கூலி, பயிற்சியாக மாறிய இடம் அது. டேமன் கூலிக்காரன். லார்கின் சொந்தக்காரர். நடுவில் ஆள் கழன்றுகொண்டார், பெயர் மட்டும் மெஷினுக்குப் போயிற்று.

ஆள் எங்கே போனார் என்பது எனக்குத் தெரியும். என் அப்பா இருபத்தெட்டு வருஷம் குன்னூர் பங்களா ஒன்றில் தோட்டக்காரர். அவர் தள்ளியது படிங் வழிவந்த உருளை மெஷின். முன்னால் ஒருவர் கயிறு கட்டி இழுக்க, பின்னால் இவர் தள்ளுவார். நான் பெட்ரோல் மெஷினை முதல்முறை ஓட்டிய அன்று ஓரமாக நின்று பார்த்தார். நான் பயந்தது, இதற்காகவா பி.ஏ. படிக்கவைத்தேன் என்று கேட்பாரோ என்று. அவர் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி நுனியைப் பார்த்துவிட்டு, "இது அறுக்கலப்பா, அடிக்குது" என்றார்.

இதைவிடத் துல்லியமான விமர்சன வாக்கியத்தை நான் சமீபத்தில் படிக்கவில்லை. உருளை மெஷினில் சுழலும் அலகு, கீழே நிலையாக இருக்கும் அலகோடு சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி நறுக்குகிறது. பெட்ரோல் மெஷினில் ஒரே பிளேடு நிமிஷத்துக்குச் சுமார் 3000 சுற்றில் புல்லின்மேல் மோதுகிறது. எதிரே தாங்க அலகு கிடையாது, வேகம்தான் வெட்டுகிறது. கூர் மழுங்கினால் நுனி கிழிந்து, இரண்டு நாளில் வெளுத்துப்போகும். அப்பாவுக்கு எஞ்சின் தெரியாது. புல்நுனி தெரியும். ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்று தோட்டக்கலைப் புத்தகங்கள் சொல்வதை அவர், "தலைய எடு, கழுத்த எடுக்காத" என்பார்.

அந்த பங்களா லானில் நாற்காலி போட்டு டீ குடித்த யாருக்கும் இது தெரிந்திருக்க முடியாது. அப்பாவோ இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. என் வீட்டிலும் உட்காருவதில்லை. பாதை ஓரத்துக் கல்லில் குந்தியிருக்கிறார். "புல்லுல உக்காருங்கப்பா" என்றால், "நசுங்கிடும்" என்கிறார். புல்லின் மீதுள்ள அக்கறையா, பழைய உத்தரவா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அவராலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

இதைப் படிமமாக்கினால் ஒரு கவிதை கிடைக்கும். நம் சிறுபத்திரிகைகளில் உழைப்பாளிகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள், மௌனமாக, ஒரு ஓரத்தில், அர்த்தம் சுமந்துகொண்டு. டேமனைப் பேசவைக்க மார்வெலுக்கு முடிந்தது. டேமன் அதைப் படித்து, "நான் இப்படிச் சொல்லவில்லை" என்று சொல்லப்போவதில்லை. அப்பா எழுத்துக்கூட்டியாவது தினமும் பேப்பர் படிப்பவர். இந்தப் பத்திரிகை என் மேஜைமேல்தான் கிடக்கும். அவர் படித்துவிடக்கூடும் என்பதே என் வாக்கியங்களுக்கு இருக்கும் ஒரே கட்டுப்பாடு. தேவையான கட்டுப்பாடும் அதுதான்.

என் தொழிலிலும் இந்தச் சொல்மாற்றம் நடந்தாகிவிட்டது. 'டெல்லர்' என்பவர் கவுண்டரில் உட்கார்ந்து சின்னத் தொகைகளைக் கையோடு கொடுத்தனுப்பிய ஆள். இன்று அந்தச் சொல், ஏ.டி.எம். என்ற மூன்றெழுத்தின் நடுவெழுத்தாகி, வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறது. அதற்குப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கம்பி கிடையாது. யார் கையை விட்டாலும் அது ஓடும். உள்ளே உட்கார்ந்திருக்கும் நான் எந்தத் திணை என்று வாடிக்கையாளர் யோசிக்கும் நாள் தொலைவில் இல்லை.

பிளேடு மறுபடி மழுங்கியிருக்கிறது. ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்கும்படி மெஷினைச் சாய்த்து, பிளேடைக் கழற்றித் தீட்ட வேண்டும். இரண்டு முனையும் ஒரே எடையில் நிற்கிறதா என்று ஆணியில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். அரம் அப்பாவுடையது.