தனுஷ்கோடி மணலும் தார்ச்சாலையும்



கீழக்கரையிலிருந்து தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை செல்ல நீங்கள் நாடினால், ஒரு வழிக்குச் சுமார் 95 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். இராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் ஆகிய ஊர்களைக் கடந்து, 1988-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அன்னை இந்திரா காந்தி பாலத்தின் மீது ஏறியதும் இரு மருங்கிலும் கடல் விரியும். அருகிலேயே, 1914-இன் பழைய இரயில் பாலத்துக்கு மாற்றாக 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாலம். பாம்பன், தங்கச்சிமடம் தாண்டினால் பேக்கரும்பில் டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் நினைவிடம். அங்கு சற்று நின்று துஆச் செய்துவிட்டுச் செல்வது எங்கள் வீட்டு வழக்கம்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கிய வரலாறு நீங்கள் அறிந்ததே. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, முகுந்தராயர் சத்திரத்தோடு பாதை முடிந்துவிடும். அப்பால் மணலும் முழங்கால் அளவுத் தண்ணீரும்தான். நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய ஜீப்புகளும் வேன்களுமே பயணிகளைக் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. இன்று சாதாரணக் காரே போய்வருகிறது. ஆனாலும் "தனுஷ்கோடி என்றால் மணல்" என்னும் எண்ணம் மட்டும் நம்மவர் மனத்தை விட்டு அகலவில்லை.

என் தங்கையின் கணவர் துபாயில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பியவர். வந்ததும் ஒரு போர் வீல் டிரைவ் ஜீப்பை வாங்கினார். வாங்கிய கையோடு அதற்கு முரட்டுப் பட்டன் டயர்களை மாட்டினார். கடைக்காரர் சொன்னாராம், "தனுஷ்கோடி மணலுக்கு இதுதான் சரி" என்று. பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. தார்ச்சாலையில் ஓடும்போது தேனீக்கூட்டம் போல் ஓர் இரைச்சல் எழும். டீசலும் முன்னைவிடக் கூடுதலாகச் செலவாயிற்று. இவற்றையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை.

ஓர் ஐப்பசி மழைநாளில் உம்மாவையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு இராமேஸ்வரம் புறப்பட்டோம். உச்சிப்புளிக்கு முன்பாக ஓர் ஆடு குறுக்கே ஓடிற்று. மச்சான் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை, சோப்பு நுரையில் வழுக்குவது போல் வழுக்கிச் சென்று, சாலையை விட்டிறங்கி, ஒரு பனைமரத்துக்கு நான்கடி முன்பாக நின்றது. தங்கை மகளின் நெற்றியில் ஒரு வீக்கம். வேறொன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். உம்மா நெடுநேரம் வாய் திறக்காமல் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே வந்தார்கள்.

"நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி எப்படி வழுக்கும்?" என்று மச்சான் வியந்தார். நீங்களும் அவ்வாறே எண்ணலாம். நான்கு சக்கரமும் இழுப்பது வண்டியை நகர்த்தத்தான் உதவும், நிறுத்துவதற்கு உதவாது. நிறுத்துவது, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளங்கையளவு ரப்பர் மட்டுமே. சேற்றுக்கென்று செய்யப்பட்ட டயரில் பட்டன்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் இருக்கும். சேற்றை உதறித் தள்ள அவை தேவை. ஆனால் அந்த அளவுக்குத் தாரைப் பற்றும் ரப்பர் குறைந்துவிடுகிறது. நனைந்த சாலையில், அதிலும் பாலங்களின் இரும்பு இணைப்புகள் மீது, இக்குறை உயிருக்கே உலை வைக்கும்.

சரி, மணலுக்காவது அது பொருந்துமா? சாலை வருமுன் அம்மணலில் வண்டி ஓட்டிய முதியவர் ஒருவரிடம் கேட்டேன். "ஹஜ்ரத், மணல்லே டயர் கடிக்கக் கூடாது, மிதக்கணும்" என்றார். என்ன அழகான சொல்! முரட்டுப் பட்டன் காய்ந்த மணலைத் தோண்டித் தோண்டித் தன் குழியைத் தானே வெட்டிக்கொள்ளும். ஒட்டகத்தின் படைப்பைச் சிந்திக்குமாறு அல்லாஹ் தன் திருமறையில் அழைக்கின்றான். மெத்தென்று அகன்று விரியும் அதன் பாதத்தைப் பாருங்கள். அதையே மனிதன் டயரில் செய்கிறான்: காற்றைக் குறைத்தால் டயர் விரிந்து, பாரம் பரவி, மணலுக்கு மேலேயே ஓடும். 1930-களில் லிபியப் பாலைவனத்தில் மோட்டார் வண்டிகளைச் செலுத்திய ரால்ஃப் பாக்னால்டு என்னும் ஆங்கில இராணுவ அதிகாரி கையாண்ட உபாயங்களுள் இதுவும் ஒன்று. துபாய் மணல்மேடுகளில் சுற்றுலா வண்டி ஓட்டுவோரும் முதலில் இறங்கிக் காற்றைத்தான் திறந்துவிடுகின்றனர். அதைக் கண்ணால் கண்ட மச்சானே மறந்துபோனதுதான் எனக்கு வேடிக்கை.

முப்பது, முப்பத்திரண்டு பவுண்டு காற்று உள்ள டயரைப் பதினெட்டு பவுண்டு அளவுக்குக் குறைத்தால் மணலில் போதும். ஆனால் தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்பியே ஆகவேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். அரிச்சல்முனையில் காற்றடிக்கும் கடையைத் தேடாதீர்கள். பேட்டரியில் இயங்கும் சிறு பம்பு ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.

95 கிலோமீட்டரில் மணல் எவ்வளவு? காற்று அள்ளிவந்து சாலையில் கொட்டும் சில முழங்கள். ஆசைக்காகக் கீழே இறங்கினால் இன்னும் கொஞ்சம். அதற்காகவா எஞ்சிய தூரம் முழுவதும் வழுக்கிக்கொண்டு செல்வது? ஆகவே, சாலைக்கென்றே செய்த டயரையோ, இரண்டுக்கும் நடுத்தரமான, அனைத்து நிலத்துக்கும் ஏற்ற வகையையோ வாங்குங்கள். எங்களைப் போல் எப்போதேனும் மண்பாதையில் ஏறி இறங்குவோர்க்குப் பின்னது நன்று. அதுவும் தேவையில்லாதவர்க்கு முன்னதே மேல். நான்கும் ஒரே அளவாக, ஒரே வகையாக இருக்கட்டும். இல்லையேல் நான்கு சக்கர இழுவையைப் போடும்போது உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் தேயும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். நம் கடற்கரை வெயிலில், பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும். எனவே அதைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. மழைக்காலத்துக்கு அதுவும் போதாது என்பது என் கருத்து. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் ரிம்மையும் வால்வையும் கழுவிவிடுங்கள். உப்பு அவற்றைத் தின்றுவிடும்.

மச்சான் டயரை மாற்றிவிட்டார். போன மாதம் மீண்டும் சென்றோம், மழையும் இருந்தது. பாலத்தின் மீது உம்மா தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டு, குழந்தைகளுக்குக் கடலைக் காட்டிக்கொண்டு வந்தார்கள்.

கழற்றிய நான்கும் எங்கள் கொல்லையில் கிடக்கின்றன. ஒருவர் கார் ஓட்டுவதற்கு நல்ல விலைக்குக் கேட்டார். குறையைச் சொல்லாமல் விற்கலாகாது என்று நான் மறித்தேன். சொன்னதும் அவர் வேண்டாமென்று போய்விட்டார். இப்போது வாலிநோக்கம் பக்கம் உப்பளச் சேற்றில் வண்டி ஓட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார். சேற்றுக்கு அவை நல்ல டயர்கள்தாம்; மழையில் தார்ச்சாலைக்கு ஆகா என்று அவரிடமும் சொல்லியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.