முதல் கவரிலேயே தோற்பவர்கள்

பள்ளிக்கல்வி டெண்டர் என்றாலே, "எல்லாம் எல்-1 தானே, விலையைக் குறைத்தவருக்குத்தான் வேலை, இதில் எழுத என்ன இருக்கிறது?" என்கிறார்கள். பாதி உண்மை. தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், மதிப்பீட்டில் தேறியவர்களில் குறைந்த விலையையே ஏற்கச் சொல்கிறது. ஆனால் இரண்டு கவர் முறையில், தொழில்நுட்பக் கவரில் தேறாதவரின் விலைக் கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். ஸ்மார்ட் போர்டு விற்கும் நிறுவனம் தன் பெருமையைப் பக்கம் பக்கமாக வண்ணத்தில் அச்சடித்திருக்கும் (அதை யாரும் படிப்பதில்லை என்பது தனிச் சோகம்); விற்றுமுதலுக்கான ஆடிட்டர் சான்றிதழில் யுடிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்காது, பணிநிறைவுச் சான்றில் தேதி இருக்காது. மதிப்பீட்டுக் குழு தேடுவதோ அந்த எண்ணையும் தேதியையும்தான்.

"ஆளைப் பார்த்து வைத்த நிபந்தனை" என்பது அடுத்த வாதம். சில டெண்டர்களில் அப்படியும் நடக்கும். அதற்குத்தான் விலைப்புள்ளி தருவதற்கு முன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டம். சந்தேகத்தை எழுத்தில் கேளுங்கள், திருத்தம் வர வாய்ப்புண்டு. முடிவில் குறை இருந்தால் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். விலை மட்டுமே முடிவு செய்யாத இடமும் உண்டு: ஒன்றிய அரசின் 2021 அக்டோபர் கொள்முதல் வழிகாட்டுதல், தரம் முக்கியமான பணிகளில் விலை அல்லாத அம்சங்களுக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் தர அனுமதிக்கிறது. எழுத்துக்கு வேலை அங்கேதான். எந்த மாவட்டத்தில் எந்தப் பொறியாளர் இருப்பார், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்று எழுதுங்கள். 'உலகத் தரம்' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது.