கடைசியா தொட்டது யார்?

ரெண்டு வாரம் என் ரூம்மேட் என்கிட்ட பேசல. காரணம் பொண்ணு இல்ல, பணம் இல்ல, கிரிக்கெட்கூட இல்ல. கிட் லாக். நம்புங்க மக்களே.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ஹாஸ்டல் மெஸ் பில் போடற சாஃப்ட்வேர். நாலு பேர் டீம். (பெருசு பெருசா பிளான் பண்ணி கடைசில சாம்பார் கணக்குல வந்து நின்னோம், அது தனிக் கதை.) ரிவ்யூ அன்னிக்கு சார் முன்னாடி ஓட்டிக் காட்டறோம். மெஸ் பில் 2,340 ரூபா, லேட்டா கட்டினதுக்கு அபராதம் 50 ரூபா, ஆக 2,390 வரணும். ஸ்க்ரீன்ல வந்தது 2,340.50. சார் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டார்: "அபராதம் அம்பது பைசாவாப்பா? நானும் இந்த ஹாஸ்டல்லயே சேர்ந்துக்கறேன்."

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் வேர்த்துப் போச்சு, டீம் லீடர்னு பேர் வச்சிக்கிட்டு அலைஞ்சது நான்தானே. உடனே டெர்மினலைத் திறந்து கிட் லாக் அடிச்சேன். மேல ரூம்மேட்டோட கமிட், "அபராதம் சேர்த்தாச்சு"ன்னு. அதுக்குக் கீழ என்னோடது. "கடைசியா தொட்டது இவன்தான் சார்"னேன். அதோட வாயை மூடியிருக்கலாம். ஆனா இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. கீழ இருக்கற என் கமிட்ல திங்கட்கிழமை தேதி. மேல இருக்கற அவன் கமிட்ல அதுக்கு முந்தின சனிக்கிழமை! புதுசுதானே மேல வரணும்? "மாட்டிக்கக் கூடாதுன்னு தேதியை வேற மாத்தி வச்சிருக்கான் சார்"னு சொல்லிட்டேன். அவன் பதிலே பேசல. லேப்டாப்பை மூடி பையில வச்சிட்டு வெளில போயிட்டான்.

இனி மேட்டருக்கு வருவோம். கிட்ல ஒவ்வொரு கமிட்லயும் ரெண்டு பேரும் ரெண்டு தேதியும் இருக்கும். எழுதினவர் ஒருத்தர் (ஆத்தர்), உள்ள சேர்த்தவர் ஒருத்தர் (கமிட்டர்). 2005-ல லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினது லினக்ஸ் கெர்னல் வேலைக்காக. அங்க யாரோ ஒருத்தர் பேட்ச் எழுதி மெயில்ல அனுப்புவார். அந்தப் பகுதியைப் பராமரிக்கறவர் படிச்சுப் பார்த்து, பிறகு ஒரு நாள் சேர்ப்பார். எழுதின நேரம் வேற, சேர்ந்த நேரம் வேற. நம்ம ஊர்ல நிலப் பத்திரம் எழுதின தேதி ஒண்ணும் சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவான தேதி ஒண்ணும் இருக்கே, அதே மாதிரிதான். (1908-ம் வருஷப் பதிவுச் சட்டப்படி, எழுதின நாள்லேர்ந்து நாலு மாசத்துக்குள்ள பதிவுக்குக் கொண்டுபோகணும். பதிவானதும், அது செல்லுபடி ஆகறது எழுதின கணக்குலதான், பதிவான நாள்லேர்ந்து இல்ல. கிட் படிக்கப் போய் சட்டம் கத்துக்கிட்டேன்!)

இதுல என்னை மாதிரி ஆளுங்க விழற குழி ஒண்ணு இருக்கு. சும்மா கிட் லாக்னு அடிச்சா அது காட்டற தேதி ஆத்தர் தேதி. வரிசைக்கு எடுத்துக்கறது கமிட்டர் தேதி. காட்டறது ஒண்ணு, அடுக்கறது ஒண்ணு. சனிக்கிழமை எப்படி திங்கட்கிழமை தலைமேல ஏறி உட்கார்ந்ததுன்னு இப்ப புரியுதா?

எனக்குப் புரிய வச்சது ஒரு சீனியர் அண்ணன். "--ஃபார்மட்=ஃபுல்லர் போட்டுப் பாருடா"ன்னார். போட்டதும் ரெண்டு தேதியும் பக்கத்துல வந்து நின்னுச்சு. எழுதினது சனி ராத்திரி. சேர்ந்தது செவ்வாய் காலைல. செவ்வாய்க்கிழமை அவன் பண்ணினது ஒரு புல் --ரீபேஸ், அவ்வளவுதான். ரீபேஸ் பண்ணினா கிட் உங்க பழைய கமிட்டை எடுத்து, புதுசா வந்திருக்கற கமிட்டுக்கு மேல திரும்ப எழுதும். ஆத்தர் தேதி அப்படியே இருக்கும், கமிட்டர் தேதி மட்டும் இப்போதைய நேரமாயிடும். யாரும் எதையும் திருத்தல. அந்த ரீபேஸ்கூட என் ரூல். "மெர்ஜ் கமிட் அசிங்கமா இருக்கு, எல்லாரும் ரீபேஸ் பண்ணுங்க"ன்னு குரூப்ல உத்தரவு போட்டவன் அடியேன்தான். அவ்வ்வ்வ்.

சரி, தப்பு யாரோடது? திங்கட்கிழமை நான் என்ன பண்ணினேன்னா, பாயிண்ட் வச்ச கணக்குல தொல்லை வருதுன்னு எல்லாத் தொகையையும் ரூபாயிலேர்ந்து பைசாவுக்கு மாத்தினேன். 2,340 ரூபா 2,34,000 பைசா ஆச்சு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அவன் சனிக்கிழமை எழுதினப்ப எல்லாம் ரூபா, அதனால அபராதம் 50-ன்னு கூட்டினான். ரெண்டு பேரும் தொட்டது வேற வேற ஃபைல், அதனால ரீபேஸ்ல கான்ஃப்ளிக்ட்டும் வரல. என் கமிட்ல அபராதமே கிடையாது, தப்பு தெரியாது. அவன் கமிட் என்னோடதுக்கு மேல உட்கார்ந்ததும் அம்பது ரூபா அம்பது பைசா ஆச்சு. கிட் பைசெக்ட் ஓட்டினாக்கூட அது அவன் கமிட்டைத்தான் கைகாட்டும்.

சீனியர் இதோட விடல. அவன் ரூம்ல இருந்தப்ப அவன் லேப்டாப்லயே ரெஃப்லாக்கைத் திறந்தார். ரீபேஸ் ஆனாலும் பழைய கமிட் உடனே அழியாது. செட்டிங்கை மாத்தலேன்னா, இப்படி கிளைல இல்லாம போன கமிட்டுக்கு ரெஃப்லாக்ல 30 நாள் ஆயுசு. சனிக்கிழமை கமிட்டை அப்படியே வெளில எடுத்து ஓட்டினா, 2,390. சுளையா.

அதுக்கப்புறம் நான் உட்கார்ந்து லாக்கோட ஒவ்வொரு ஆப்ஷனா போட்டுப் பார்த்தேன். --ஆத்தர்-டேட்-ஆர்டர்ல போட்டா சனிக்கிழமை கீழ போகும்னு நினைச்சேன். போகல. அதுல பெத்தவங்க ஒருநாளும் பிள்ளைக்கு முன்னாடி வர மாட்டாங்க. ரீபேஸுக்கு அப்புறம் என் கமிட் அவனோடதுக்கு பேரன்ட் ஆயிடுச்சே! --கிராஃப் போட்டா ஒரே நேர்கோடு. மெர்ஜ் பண்ணியிருந்தா ரெண்டு கிளை பிரிஞ்சு சேர்றது தெரிஞ்சிருக்கும், ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாதுன்னு பார்த்த உடனே புரிஞ்சிருக்கும். அந்தக் கிளையை அசிங்கம்னு அழிக்கச் சொன்னது யாருன்னு மேல சொல்லிட்டேன்.

லெஸ்லி லாம்போர்ட் 1978-லயே இதைப் பத்தி ஒரு பேப்பர் எழுதியிருக்கார். தனித்தனி மெஷின்கள்ல நடக்கற ரெண்டு விஷயத்துல, ஒண்ணோட சேதி இன்னொண்ணுக்குப் போய்ச் சேரலேன்னா, எது முதல்ல, எது அப்புறம்னு கேக்கறதுக்கே அர்த்தம் இல்லங்கறார். செமஸ்டர்ல இதுக்கு எட்டு மார்க் கேள்வி வந்து முழு மார்க் வாங்கினவன் நான் :-(

மறுநாள் சார் ரூமுக்குப் போய், தேதி மாத்தினான்னு சொன்னது தப்பு சார், பைசா ஆக்கினதும் நான்தான் சார்னு சொல்லிட்டு வந்தேன். அன்னிக்கு ராத்திரி மெஸ்ல அவன் எதிர்ல தட்டோட போய் உட்கார்ந்தேன்.

"ஸாரிடா."

நிமிர்ந்து பார்க்காம ரசத்தை ஊத்திக்கிட்டே கேட்டான்: "இது எழுதின தேதி என்ன, கமிட் பண்ணின தேதி என்ன?"

"எழுதி பத்து நாளாச்சு. கமிட் இப்பதான்."

தன் தட்டுல இருந்த அப்பளத்தை உடைச்சுப் பாதியை என் பக்கம் தள்ளினான்.