சப்பாத்துப் போடவைத்தவர் யார்?

வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்த இந்திய அணிக்குச் சப்பாத்துப் போடவைத்தவர் ஐதராபாத் ரகீம் மாஸ்டர்தான் என்று அம்மப்பா சாகும்வரை சாதித்தார். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையில் இருந்த காலத்தில் டொக்யார்டில் வேலை பார்த்தவர் அவர். வேலை முடிந்தால் கப்பல்காரரோடு உதைபந்தாட்டம். அவர்கள் சப்பாத்தோடு, இவர்கள் வெறுங்காலோடு. மிதி வாங்கிய கால்விரல்களுக்குச் சொந்தக்காரர் என்பதால் அந்தக் கதையில் அவருக்குத் தனிக்கணக்கு ஒன்று இருந்தது. "எங்களுக்கும் ஒரு ரகீம் கிடைச்சிருக்க வேணும்" என்பதோடு பேச்சு முடியும்.

2024இல் ரகீமைப் பற்றிய 'மைதான்' படம் வந்ததும் வீட்டில் இந்தக் கதைக்கு மறுபடி உயிர் வந்தது. கூடவே, வெறுங்கால் என்றபடியால்தான் 1950 உலகக் கிண்ணத்துக்கு இந்தியாவை விடவில்லை என்ற பழைய பல்லவியும். சப்பாத்துக் காரணம் வெறும் சாட்டு என்று அன்றைய அணித்தலைவர் சைலன் மன்னாவே பின்னாளில் சொல்லிவிட்டார். ஒலிம்பிக்கை மட்டுமே பெரிதாக எண்ணிய இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம்தான் அணியை அனுப்பவில்லை. அந்தக் கதை இவ்வளவு பொத்தல் என்றால் அம்மப்பாவின் கதை எப்படி? அரிப்பு அங்கே தொடங்கியது.

திகதிகளை வரிசைப்படுத்தினேன். ரகீம் பயிற்றுவித்த அணி 1951இல் டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வென்று தங்கம் எடுத்தது. அந்த அணியில் பெரும்பாலானவர்கள் வெறுங்கால். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிரில், யூகோஸ்லாவியாவிடம் 10-1. அதற்குப் பிறகுதான் சப்பாத்துக் கட்டாயம் என்ற உத்தரவு வந்தது. கொடுத்தது அகில இந்தியச் சம்மேளனம். அம்மப்பாவின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை பேர் வாயில் அந்த மாற்றம் ரகீமின் பெயரோடு ஏன் ஒட்டிக்கொண்டது?

சாம்பல்தீவில், அம்மப்பாவோடு ஆடிய ஒருவர் இன்னும் இருக்கிறார். தொண்ணூறைத் தொட்டவர், பதின்வயதில் டொக்யார்டில் எடுபிடியாகச் சேர்ந்து, 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டதையும் பார்த்தவர். ரகீமைப் பற்றிக் கேட்டால் காது கேளாதவர்போல இருப்பார். தன் காலைப் பற்றி மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார். வலது பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்: நகம் கறுத்து, தடித்து, ஒரு பக்கம் சதைக்குள் மடிந்திருந்தது. "இது ஒரு சிக்னல்காரன்ர வேலை. ஆனா அந்த மட்ச் நாங்கதான் வெண்டம்."

"இந்தியாக்காரரும் கடைசியில சப்பாத்துப் போட்டாங்கதானே ஐயா?"

"போட்டவன் போடட்டும். சப்பாத்துக்காரனுக்குப் பந்து தெரியும், மண் தெரியாது தம்பி."

எந்த ஆண்டில் திருகோணமலைப் பையன்கள் சப்பாத்துக்கு மாறினார்கள், யார் வாங்கிக் கொடுத்தார்கள், எவ்வளவு விலை என்று கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் அந்த நகம்தான். எழுந்து புறப்படும் நேரத்தில், என்னைத் திருத்துவதுபோல ஒன்றைச் சொன்னார்: "வெறுங்கால்காரன் பந்தை விடமாட்டான். காலோடயே வைச்சு உருட்டி, ரெண்டு பேரை ஏமாத்தினாத்தான் அவனுக்குப் பத்தும். சப்பாத்துக்காரன் அடிச்சுப்போட்டு ஓடிடுவான். அவ்வளவுதான் வித்தியாசம்."

அந்த இடத்தில் என் தேடல் திசை மாறியது. காலில் போடுவதை ஒரு உத்தரவால் மாற்றலாம். பந்தை விடாத குணத்தை எந்த உத்தரவு மாற்றும்? ரகீம் அதற்கு என்ன செய்தார் என்று தேடியபோது, பயிற்சியாளர் ரகீமை விட்டுவிட்டுச் செயலாளர் ரகீமிடம் போய்ச் சேர்ந்தேன்.

சையத் அப்துல் ரகீம் 1909இல் பிறந்தவர், தொழிலால் பாடசாலை ஆசிரியர். 1943இல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். 1963 ஜூனில் புற்றுநோயில் இறக்கும்வரை அந்தக் கதிரையில் இருந்தார். 1950 முதல் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்சியாளரும் அவரே. அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து தடவை ரோவர்ஸ் கிண்ணம் எடுத்தது. செயலாளர் என்றால் போட்டி விதிகளை எழுதும் கை அவருடையது. அந்தக் கையால் அவர் செய்ததைப் பாருங்கள்: பந்தை உருட்டி ஏமாற்றுவதே கூடாது, வந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு போட்டித்தொடர். பலவீனமான காலால் மட்டுமே அடிக்கலாம் என்று இன்னொன்று. மைதானத்தின் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துகிற வேலையை விதிப்புத்தகத்திடம் ஒப்படைத்துவிட்டார். கோப்பை வேண்டுமென்றால் பழக்கத்தை விடு.

அதே செயலாளர்தான், செகந்திராபாத்தின் ஓரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த துளசிதாஸ் பலராம் பயிற்சிக்கு வர வசதியில்லை என்றபோது, சைக்கிள் வாடகைக்குக் காசு கொடுத்தவர். பொலிஸ்காரர் கழித்துப்போட்ட பூட்ஸைத் தைக்கக் கொடுத்து விளையாட்டுச் சப்பாத்தாக்கிக்கொண்ட பையன் அந்தப் பலராம். 1956இல் அவர் மெல்பேர்ண் ஒலிம்பிக்குக்குப் போனார். அங்கே நெவில் டி சூசா மூன்று கோல், கிட்டு என்கிற கிருஷ்ணசாமி ஒன்று. அவுஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்குப் போன இந்தியா நான்காம் இடத்தில் முடித்தது. பத்துக் கோல் வாங்கி நான்கே வருடம். சப்பாத்தால் மட்டும் வந்த வித்தியாசமல்ல இது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். ரகீம் அவரை முன்வரிசைக்கு ஏற்றினார். செப்டெம்பர் 4, இறுதியாட்டம்: பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. அதே தென்கொரியா 2-1 எனத் தோற்றது. கோலைக் காத்தவர் பீற்றர் தங்கராஜ்.

ரகீமோடு ரோமுக்குப் போய் 1960இல் பெருவுக்கு எதிராக இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோலை அடித்த தமிழர் சைமன் சுந்தரராஜ், 1973இல் கேரளாவுக்கு முதல் சந்தோஷ் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்த பயிற்சியாளர். வெற்றிகளின் படம் போட்டு வைத்திருக்கிறோம். அவற்றை விளைவித்த உள்ளூர்ப் போட்டிகளின் விதிகளை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. நமது லீக்குகள் கிண்ணத்தின் உயரத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு விதிகளைப் பற்றிப் பேசினால், அம்மப்பா கேட்ட ரகீம் எந்த ஊரிலும் கிடைப்பார்.

இதையெல்லாம் பெரியவருக்குச் சொன்னேன். சப்பாத்துப் பகுதியை ஒதுக்கிவிட்டார். பந்தை உருட்டக் கூடாது என்பதை அநியாயம் என்றார். பலவீனமான கால் போட்டியைக் கேட்டதும் மட்டும் கண் விரிந்தது. "அதை இங்க வைச்சிருந்தா உங்கட அம்மப்பா முழுநேரமும் வாங்கிலதான் இருந்திருப்பார். அந்தாளுக்கு இடதுகால் நடக்க மட்டும்தான்."